ஏர் ரைஃபிளுக்குப் பெல்லட் பொருத்துவது: தலை அளவு, தரம் பிரித்தல், ஏற்றும் முறை – முழுமையான வழிகாட்டி

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோர் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பலர் முதலில் வாங்குவது மில்லிகிராம் தராசு. அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பெல்லட் என்னும் ஈயக் குண்டின் தலை உங்கள் ரைஃபிளின் குழலான பேரலுக்குப் பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி உள்ளே போய் உட்காருகிறதா என்பது இரண்டாவது. எடை இவற்றுக்குப் பிறகுதான் வரும். ஏன் இந்த வரிசை என்பதற்குக் கணக்கு கீழே இருக்கிறது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம். வெடிமருந்து ரைஃபிள்களுக்குக் காலித் தோட்டாவின் கழுத்தை இறுக்கி, குண்டை இத்தனை ஆழம் என்று அளந்து உட்கார வைக்கும் வேலை வெளிநாட்டு வீடியோக்களில் நிறைய வருகிறது. இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதை வீட்டில் முயல வேண்டாம். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிள் உரிமத் தேவைக்குள் வராது. மேட்ச் (போட்டி) ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் ஆற்றல் 7.7 ஜூல்தான். அளவும் ஆழமும் பார்க்கும் அதே நுணுக்கத்துக்கு இங்கேயும் வேலை உண்டு. ஆபத்தும் செலவும் குறைவு.

யாருக்கு இது தேவை

டார்கெட்டைப் பாருங்கள். பத்து என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அப்படியானால் பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதற்குள் 0.25 மி.மீ. நெருங்க நெருங்க 0.1 கூடும். 10.9 வேண்டுமானால் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் அடிக்க வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா கடைசியாக அடித்தது 10.8. அதாவது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள்.

இப்போது ரைஃபிளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பூட்டிச் சுடுவதாக வைத்துக்கொள்வோம். பத்து ஷாட்டும் சேர்ந்து போட்ட ஓட்டையின் வெளி விட்டம் 5.5 மி.மீ. என்றால், அதில் 4.5 பெல்லட்டுக்குச் சொந்தம். மீதி 1 மி.மீ.தான் சிதறல். கை அசையாமல் இருந்தால் மோசமான ஷாட்கூட 10.8. அதே ஓட்டை 7 மி.மீ. ஆனால் சிதறல் 2.5 மி.மீ., மோசமான ஷாட் 10.5. இந்த வித்தியாசம் தசமப் புள்ளியில் மோதுகிறவர்களுக்குப் பெரிது. எட்டுக்கும் பத்துக்கும் நடுவே அலைகிற கைக்கு அது தெரியவே தெரியாது. பத்து ஷாட் சீரிஸில் 95 தாண்டாதவர்கள் மேட்ச் தரப் பெல்லட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள ஏற்றும் முறையை மட்டும் ஒழுங்காகப் பழகினால் போதும். மிச்சப் பணத்தையும் நேரத்தையும் பயிற்சியில் போடுங்கள்.

பெல்லட்டில் எது என்ன செய்கிறது

முன்னால் தட்டையான தலை, நடுவில் இடுப்பு, பின்னால் உள்ளே குடைந்த ஸ்கர்ட். தட்டைத் தலை காகிதத்தை வட்டமாக வெட்டிக்கொண்டு போவதால் மதிப்பெண் படிக்கச் சுலபம். பேரலுக்குள் தலைதான் வழிகாட்டி. பேரலின் உள் வரிகளின் மேடுகள் தலையின் ஓரத்தை லேசாகக் கீற வேண்டும். அப்போதுதான் பெல்லட் அச்சு பிசகாமல் சுழன்று வெளியேறும். ஸ்கர்ட் தலையை விடச் சற்று அகலம். காற்றழுத்தம் அதை விரித்துப் பேரலோடு ஒட்ட வைத்து, காற்று பக்கவாட்டில் நழுவாமல் அடைக்கும். தலை சிறுத்தால் பெல்லட் உள்ளே தள்ளாடும். ஸ்கர்ட் நசுங்கியிருந்தால் ஒரு பக்கமாகக் காற்று முந்தும். இந்த இரண்டில்தான் பெரும்பாலான தொல்லை.

நல்ல கம்பெனிகள் தலை அளவை டின்னிலேயே போடுகின்றன. ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10-க்கும் அப்படியே. ரைஃபிளுக்கான எடை 0.53 கிராம் அல்லது அதன் அருகில். பிஸ்டலுக்கென்று வரும் லேசான பெல்லட் டின்னைத் தவறி வாங்கிவிடாதீர்கள், டப்பாக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு டின்னில் பொதுவாக 500.

4.50 என்று போட்டிருந்தால் எல்லாப் பேரலுக்கும் அதுதான் சரி என்று அர்த்தமில்லை. ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் கொண்ட இரண்டு ரைஃபிள்கள் வெவ்வேறு தலை அளவை விரும்பலாம். கிளப்பில் பக்கத்து லேன்காரர் சொன்னார் என்று ஐந்து டின் மொத்தமாக வாங்குவது வீண்செலவு. மூன்று அளவிலும் ஒவ்வொரு டின் வாங்குங்கள், அல்லது மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்கள்

நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. முப்பது செ.மீ. சதுரக் கண்ணாடி, ஓரம் தேய்த்தது. 0.01 மி.மீ. படிக்கும் டிஜிட்டல் காலிப்பர், பெல்லட்டை அளக்க அல்ல, காகிதத்தில் ஓட்டையை அளக்க. பித்தளை அல்லது பிளாஸ்டிக் உறை போட்ட கிளீனிங் ராடு. உண்மையான மேட்ச் டார்கெட் அட்டைகள். சாதாரண ஜெராக்ஸ் தாள் கிழிந்துபோகும், ஓட்டை எங்கே முடிகிறதென்று தெரியாது. முடிந்தால் பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப், இரவல் வாங்கியது. எடை பார்த்தே தீர வேண்டும் என்றால் 0.001 கிராம் காட்டும் தராசு. மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் கல் எடை பார்க்கிற அதே வகை.

காலிப்பரால் பெல்லட்டின் தலையை அளக்கக் கூடாது. ஈயம் மெத்தென்றது. தாடை பட்டதுமே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அமுங்கிவிடும். நாம் தேடுகிற வித்தியாசமே அந்த நூறில் ஒரு பங்குதான். தலை அளவுக்கென்று துளைகள் போட்ட எஃகுத் தகடு இறக்குமதியாகக் கிடைக்கிறது. பெல்லட்டைத் தலைகீழாக ஒவ்வொரு துளையிலும் போட்டு, தன் எடையால் எதில் விழுகிறது, எதில் நிற்கிறது என்று பார்ப்பது அதன் முறை. உள்ளூர் லேத்தில் டிரில் பிட்டால் துளை போட்டு அதைச் செய்ய முடியாது. அந்தத் துல்லியத்துக்கு டிரில் வராது.

முதல் படி: பேரல் போடும் கீறலைப் படிப்பது

ரைஃபிளைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். பி.சி.பி. (முன்கூட்டியே அழுத்திய காற்றில் இயங்கும் ரைஃபிள்) என்றால் காற்று சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றை வெறும் ஷாட்டில் வெளியேற்றி, பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். பேரல் மடக்கும் ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் பேரலை ஒரு கை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ட்ரிகர் நழுவினால் பேரல் திரும்பி அடித்து விரலை உடைக்கும்.

ஒரு பெல்லட்டைக் கட்டைவிரலால் பிரீச்சில் (பேரலின் பின்வாயில்) உட்கார வைத்து, ராடால் மெதுவாக, ஒரே வேகத்தில் முன்னோக்கித் தள்ளுங்கள். கீழே ஒரு துணி விரித்திருக்கட்டும். கை சொல்வதைக் கவனியுங்கள். சரியான அளவு என்றால் தொடக்கத்திலிருந்து சீரான, லேசான எதிர்ப்பு இருக்கும். பல மேட்ச் பேரல்கள் முனைக்கு அருகே சற்றுக் குறுகலாகச் செய்யப்பட்டவை. அங்கே வந்ததும் எதிர்ப்பு ஒரு படி கூடும், அது கோளாறு அல்ல. வழியில் தானாக வழுக்கிப் போனால் தலை சின்னது. முதல் இரண்டு செ.மீ.யிலேயே ராடை முட்டித் தள்ள வேண்டியிருந்தால் பெரியது.

வெளியே வந்ததை லென்ஸுக்குக் கீழே, பக்கவாட்டு வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலான மேட்ச் பேரல்களில் 12 வரிகள் உண்டு. தலையின் விளிம்பில் பன்னிரண்டு சின்னப் பள்ளங்கள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், பெல்லட்டின் அச்சுக்குச் சிறு சாய்வோடு தெரிய வேண்டும். புது ஈயம் கீறின இடம் பளபளக்கும், கீறாத இடம் மங்கலாக நிற்கும். ஒரு பக்கம் ஆறு பள்ளம் பளிச்சென்றும் மறுபக்கம் வெறும் தடமுமாக இருந்தால் பெல்லட் சாய்ந்து நுழைந்திருக்கிறது. அது அளவுக் குற்றமா ஏற்றிய குற்றமா என்பதை அறிய இன்னும் மூன்று பெல்லட் தள்ளிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அப்படியே வந்தால் தலை சிறியது, ஒன்றில் மட்டும் என்றால் விரல். விளிம்பிலிருந்து ஈயம் பின்பக்கம் சின்னச் சின்னப் பிசிறாக வழிந்திருந்தால் தலை பெரியது. ஸ்கர்ட்டில் கீறல் தலையை விட அகலமாக இருப்பது இயல்பு.

ராடால் தள்ளும்போது ஸ்கர்ட் காற்றால் விரிவதில்லை. அதனால் ஸ்கர்ட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்தச் சோதனை போதாது. அதற்கு இலவம் பஞ்சை இறுக்கி அடைத்த அட்டைப்பெட்டிக்குள் சுட்டு, பெல்லட்டை முழுசாக எடுத்துப் பார்க்கலாம். பெட்டிக்குப் பின்னால் பெல்லட்டைத் தடுத்துப் பிடிக்கும் வழக்கமான இரும்பு டிராப் கட்டாயம் இருக்க வேண்டும். சில மேட்ச் ரைஃபிள்களில் பிரீச் பக்கமாக ராடு நேராக நுழையாது. அவற்றைப் பிரித்து மேயாமல் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எப்படியும் கடைசித் தீர்ப்பு காகிதத்தில்தான்.

இரண்டாம் படி: வைஸில் பூட்டிச் சுடுவது

இதற்கு உள்ளரங்கம் வேண்டும். ஷாட்கள் விழும் கொத்தைக் குரூப் என்பார்கள். மொட்டை மாடியில் செய்தால் காற்றின் குரூப்பைத்தான் அளப்பீர்கள். மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் நீளவாக்கு அமைப்பில் பத்து மீட்டர் கிடைத்துவிடும். ஆனால் குறுக்கே கதவு இருந்தால் தாழிட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டார்கெட்டுக்குப் பின்னால் இரும்பு டிராப், அதற்கும் பின்னால் சுவர். சீலிங் ஃபேன், பெடஸ்டல் ஃபேன் இரண்டையும் அணையுங்கள். சித்திரை வெயிலில் அது கஷ்டம்தான். அதனால் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடங்காதீர்கள்.

மேசை ஆடக் கூடாது. செங்கல் தூண்கள் மேல் கடப்பா கல் பலகை வைத்தால் மர மேசையை விட நன்றாக நிற்கும். வைஸின் தாடைகளில் 5 மி.மீ. ரப்பர் ஒட்டி, ரைஃபிளின் உடலைப் பிடியுங்கள், பேரலைத் தனியாக நெரிக்காதீர்கள். வைஸ் இல்லையென்றால் சலித்துக் காயவைத்த மணல் நிரப்பிய இரண்டு பைகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சிதறல் சற்றுக் கூடும், ஆனால் மூன்று அளவுகளை ஒப்பிட அது போதும். ஸ்பிரிங் ரைஃபிளை வைஸில் பூட்டவே கூடாது. பிஸ்டன் ஓடும்போது அது பின்னும் முன்னும் உதைக்கும், அதைத் தடுத்தால் குரூப் கெடும். மணல் பைமேல் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சும்மா கிடத்திச் சுடுங்கள்.

வரிசை இது:

1. பேரலைச் சுத்தம் செய்யுங்கள். பி.சி.பி.யில் உலர்ந்த ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) உருண்டை இரண்டு சுட்டால் போதும். ஸ்பிரிங் ரைஃபிளில் ஃபெல்ட்டைச் சுடாதீர்கள். அதற்கு எடை இல்லாததால் பிஸ்டன் தடையின்றிப் போய் முட்டும். ராடில் துணி கட்டி இழுங்கள்.
2. ஏதாவது ஒரு மேட்ச் பெல்லட்டில் 20 ஷாட். சுத்தம் செய்த பேரலில் ஈயப் பூச்சு மீண்டும் படிந்து நிதானத்துக்கு வர அவ்வளவு ஆகும்.
3. 4.49-இல் ஐந்து ஷாட் கணக்கில் சேராமல், பிறகு பத்து ஷாட் ஒரு குரூப். அடுத்து 4.50, 4.51 இரண்டுக்கும் அப்படியே. ஒவ்வொரு முறை டின் மாற்றும்போதும் அந்த ஐந்து ஷாட்டை விடாதீர்கள்.
4. பின் தலைகீழ் வரிசையில்: 4.51, 4.50, 4.49. சிலிண்டர் அழுத்தம் இறங்குவதும் வைஸ் தளர்வதும் ஒரே அளவின் தலையில் விழாமல் இருக்க இதுதான் வழி.
5. இன்னொரு நாள் மூன்றாவது சுற்று, நடு அளவிலிருந்து தொடங்கி.

அளவு ஒவ்வொன்றுக்கும் மூன்று குரூப், முப்பது ஷாட். ஐந்து ஷாட் குரூப் ஒன்றைப் பார்த்து முடிவெடுப்பது பெரும்பாலும் தற்செயலுக்கு மார்க் போடுவதாகத்தான் முடியும். ஓட்டையின் மிக அகலமான வெளி விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, 4.5 கழித்து எழுதுங்கள். வெளியே போன ஒரு ஷாட்டை ‘அது என் தப்பு’ என்று கணக்கிலிருந்து நீக்காதீர்கள். வைஸில் பூட்டியிருக்கும்போது தப்பு செய்ய உங்களுக்கு வாய்ப்பே இல்லை.

மூன்றின் சராசரியும் 0.2 மி.மீ.க்குள் நெருங்கியிருந்தால் உங்கள் பேரலுக்கு அளவு முக்கியமில்லை. கடையில் எது தொடர்ந்து கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தெளிவாக முந்தினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குரூப்பின் வடிவமும் பேசும். மேலும் கீழுமாக நீண்டால் வேகம் மாறுகிறது. பத்து மீட்டரில் பெல்லட் தன் கோட்டிலிருந்து சுமார் 18 மி.மீ. இறங்குகிறது. வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் மாறினால் அது விழும் இடம் 0.2 மி.மீ. மாறும். மூன்று மீட்டர் ஏறி இறங்கினால் 0.6 மி.மீ. போய்விடும். எல்லாப் பெல்லட்டிலும் அப்படி என்றால் பெல்லட்டைத் திட்டாதீர்கள், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். அதிலும் பத்து நிமிடம் ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் ஷாட் மட்டும் மேலே போனால், ரெகுலேட்டர் மூடாமல் கசிந்து அழுத்தம் ஏறுகிறது. இரண்டு தனித்தனிக் கொத்தாக விழுந்தால் டின்னில் இரண்டு தலை அளவு கலந்திருக்கலாம், அதற்கு முன் குறி பார்க்கும் சைட்டின் திருகையும் பேரல் திருகையும் இறுக்கிப் பாருங்கள். ஒன்பது ஷாட் ஒரே ஓட்டை, ஒன்று மட்டும் தனியாக வெளியே: அடிபட்ட ஸ்கர்ட். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் பெல்லட் சாய்ந்து பறந்திருக்கிறது.

மூன்றாம் படி: தரம் பிரித்தல்

கண்ணால் பார்ப்பதுதான் இதில் அதிகப் பலன் தரும் வேலை. டின்னைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள், ஈயம் ஈயத்தோடு மோதி ஸ்கர்ட் நசுங்கும். ஒரு மெல்லிய துணிமேல் மெதுவாகச் சாய்த்து, இடுப்பைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கர்ட்டின் வாய் வட்டமாக இருக்கிறதா, உள்ளே ஈயத்துகள் ஒட்டியிருக்கிறதா, தலையில் பள்ளமோ பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள். மேட்ச் டின்னில் கழிவு குறைவாகவே வரும். கழித்ததை எறியாமல் பேரல் பதப்படுத்தும் ஷாட்களுக்கு வையுங்கள்.

அடுத்து உருட்டல். கண்ணாடியை மேசையில் வைத்து ஒரு ஓரத்தின் கீழ் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு அட்டை கொடுங்கள். மேல் ஓரத்தில் ஸ்கேலை வைத்து, அதன் மேல் பெல்லட்டை ஒரே இடத்தில் கிடத்தி, ஸ்கேலை நகர்த்தி விடுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் அகலத்தில் வேறுபடுவதால் அது நேராகப் போகாமல் வில்லாக வளைந்து உருளும். எவ்வளவு வளைகிறது என்பதைத் தலைக்கும் ஸ்கர்ட்டுக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. கீழ் ஓரத்தில் ஒரு அங்குலம் அகலத்துக்குப் பேப்பரில் கட்டங்கள் போட்டு ஒட்டிவிட்டால், எது எந்தக் கட்டத்தில் வந்து விழுகிறதோ அது அந்தக் கூட்டம். பெரும்பாலானவை நடு இரண்டு கட்டங்களில் விழும். தள்ளிப் போனவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு சின்ன அடிபட்ட ஸ்கர்ட்கூட இங்கே தத்தித் தத்தி உருண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடித் தகடு, அட்டை, ஸ்கேல் மூன்றுக்கும் செலவு நூறு ரூபாய்க்குள். நூற்றுக்கணக்கில் செலவழித்து வாங்கும் கருவிகளில் பலவற்றை விட இது உதவும்.

இப்போது எடை. ஒரு பெல்லட் இன்னொன்றைவிட ஒரு சதவீதம் கனமாக இருக்கிறது என்று வையுங்கள், அதாவது 0.530-க்குப் பதில் 0.535 கிராம். அதே காற்று அதைத் தள்ளினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். 18 மி.மீ.யில் ஒரு சதவீதம், 0.18 மி.மீ. தசமத்தில் ஒரு புள்ளிகூட முழுசாகப் போகாது. நல்ல டின்னில் பெரும்பாலான பெல்லட்கள் ஒன்றுக்கொன்று அதை விட நெருக்கமாகவே இருக்கும். மாநிலப் போட்டிக்கு அறுபது ஷாட்டும் குறி சரிபார்க்கும் சைட்டிங் ஷாட்களும் தனியாக எடுத்து வைக்க ஒரு மாலை செலவழிக்கலாம், தவறில்லை. தினப் பயிற்சிக்கு எடை போடுவது நேரவிரயம். போடும்போது ஃபேன் அணைத்து, ஐம்பது பெல்லட்டுக்கு ஒரு முறை தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். எடை நல்லபடி உதவுவது ஒன்றில்தான்: சராசரியிலிருந்து 0.01 கிராம் விலகியவை பெரும்பாலும் தயாரிப்புக் கோளாறு உள்ளவை, அவற்றைத் தள்ளிவிடலாம்.

அளவுக் குழாய்க்குள் பெல்லட்டை அழுத்தி எல்லாவற்றையும் ஒரே தலை அளவுக்குக் கொண்டுவரும் டையும் சந்தையில் உண்டு. மேட்ச் பெல்லட்டை அதில் போடாதீர்கள். தலையோடு ஸ்கர்ட்டும் ஒடுங்கும், அடைப்பு கெடும், ஒவ்வொரு அழுத்தலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. பெரிய தலையைச் சிறிதாக்குவதை விடச் சிறிய தலை அளவில் வாங்குவது சுலபம்.

நான்காம் படி: ஏற்றுவது

மேட்ச் பி.சி.பி.யில் பெல்லட்டைத் தட்டில் கிடத்தினால் போல்ட் தானே உள்ளே தள்ளி, காற்றுத் துளையைத் தாண்டி உட்கார வைக்கும். ஆழம் இயந்திரத்தின் கையில். உங்கள் கையில் இருப்பது நேராக வைப்பதும் ஒரே வேகத்தில் மூடுவதும்தான். பெல்லட்டைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் இடுப்பில் பிடித்து, தலை முன்னோக்கி இருக்கத் தட்டில் விடுங்கள். போல்ட்டை அறையாதீர்கள். முதல் பாதியில் பெல்லட் பேரல் வாயைத் தேடி நிமிரும், அங்கே அவசரப்பட்டால் விளிம்பு வெட்டுப்படும். இடையில் கை உணர்வு வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தால் தள்ளாதீர்கள், திறந்து பாருங்கள். பெல்லட் பின்புறமாகத் திரும்பியிருக்கலாம். ரைஃபிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது சாய்ந்தால் தட்டில் அது புரண்டுபோகும். அப்படியே சுட்டால் ஷாட் தடம் புரளும், ஏன் என்று தெரியாமல் டிரிகர் கண்ட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பேரல் மடக்கும் ரைஃபிளில் எல்லாம் கட்டைவிரலின் பொறுப்பு. தலையைப் பிரீச் வாயில் நேராக வைத்து, விரல் நுனியின் சதையால் ஸ்கர்ட்டின் நடுவில் அழுத்துங்கள். ஓரத்தில் அழுத்தினால் சாயும். குறைந்தபட்சம் ஸ்கர்ட் பிரீச் முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். மயிரிழை வெளியே நீண்டாலும் பேரல் மூடும்போது நசுங்கும், பிரீச் சீலிலும் ஈயத்துகள் படியும். சமமாக வைப்பதா, ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுவதா என்பதை ரைஃபிள்தான் சொல்லும். பெல்லட்டை உட்கார வைக்கும், உருண்டை முனை கொண்ட சீட்டர் கருவி அல்லது வழவழப்பான, உருண்ட முனையுள்ள பேனா மூடியால் சில பெல்லட்களை ஒரு மி.மீ. உள்ளே வைத்துப் பத்து ஷாட், பிறகு சமமாக வைத்துப் பத்து ஷாட். எது இறுக்கமான குரூப்போ அதையே கடைப்பிடியுங்கள். ஆழம் மாறினால் வேகமும் மாறும், அதனால் கலந்து ஏற்றுவதுதான் மிக மோசம். சீட்டரை அழுத்தி ஸ்கர்ட்டை விரிக்காதீர்கள்.

பிரீச் சீல் தேய்ந்திருக்கிறதா என்று அறிய, மூடும் இடத்தின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் சீல் காற்றை விடுகிறது. மேட்ச் ரைஃபிளில் போல்ட்டின் ஓ ரிங் (ரப்பர் வளையம்) அதே வேலையைச் செய்கிறது. வெடிப்பு விட்டால் ஷாட்கள் ஒன்றொன்றாகக் கீழே இறங்கும்.

இரண்டு பெல்லட் ஏறிவிட்டால் சுடாதீர்கள். மையத்தில் அடிபடாது, சில சமயம் இரண்டும் நடுவிலேயே நின்றுவிடும். காற்றை வெளியேற்றி, போல்ட்டைத் திறந்து, முனைப் பக்கமிருந்து பித்தளை முனை ராடால் பிரீச் பக்கம் மெதுவாகத் திருப்பித் தள்ளுங்கள். இரும்பு ராடு பேரல் முனையின் வரிகளைக் கெடுத்துவிடும். இந்த முனைதான் பெல்லட்டைக் கடைசியாகத் தொடும் இடம்.

பெல்லட்டுக்கு எண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. மேட்ச் ரைஃபிளுக்கு வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளில் பெட்ரோலிய எண்ணெய் அழுத்த அறைக்குள் போனால் பிஸ்டன் அழுத்தத்தில் பற்றி வெடிக்கும், சீல் போய்விடும், வேகம் தாறுமாறாகும். புகையும் கருகல் வாடையும் வந்தால் இதுதான் காரணம். பி.சி.பி.யின் காற்றுப்பாதையில் சிலிகான் கிரீஸ் தவிர எதையும் வைக்கக் கூடாது.

வெயில், ஈரம், ஈயம்

மே மாதத்தில் டின் சூடேறினால் தலை பெரிதாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. 15 டிகிரி ஏறினால் 4.5 மி.மீ. ஈயம் 0.002 மி.மீ. விரியும், பேரலும் சேர்ந்து விரியும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வெயில் வேலை காட்டுவது ரைஃபிளில்: கிரீஸ் இளகும், வேகம் நகரும். அதனால் சித்திரையில் எடுத்த சைட் அமைப்பை மார்கழிக்கு அப்படியே நம்பாதீர்கள். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது. அதன் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், காலாவதியானதை நிரப்பக் கொண்டுபோகாதீர்கள்.

ஈயத்தைக் கெடுப்பது ஈரமும் அமிலமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டின் திறந்து கிடந்தால் பெல்லட்மேல் வெண்பொடி பூக்கும். மர பீரோவிலிருந்து வரும் ஆவியும் ஈயத்தை அரிக்கும். இரும்பு பீரோவில், மூடி இறுக்கி, ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொடி பிடித்த பெல்லட்டைத் துடைத்துச் சுடாதீர்கள், ஈயக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். அந்தப் பொடி நுரையீரலுக்கும் பேரலுக்கும் ஆகாது.

தலை அளவு முடிவானதும் டின்னில் உள்ள லாட் எண்ணை (தயாரித்த தொகுதியின் எண்ணை) பாருங்கள். அதே 4.50 என்றாலும் வேறு லாட் வேறு அச்சில் அழுத்திச் செய்ததாக இருக்கலாம். ஒரு நாளைக்கு நூறு ஷாட் பயிற்சி செய்பவருக்கு ஒரு டின் ஐந்து நாள். சீசன் முழுக்க ஒரே லாட் வேண்டுமானால் இருபது டின்னாவது ஒரே தடவையில் எடுக்க வேண்டும். அது முடியாதவர்கள் போட்டிக்கு மட்டும் இரண்டு டின் ஒதுக்கி, மிச்சத்தைக் கிடைக்கிறதில் பயிற்சி செய்யலாம். புது லாட் வந்தால் முழுச் சோதனையும் வேண்டாம், பத்து ஷாட் குரூப் மூன்று போதும். பழைய சராசரியோடு ஒப்பிடுங்கள்.

பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஏற்றும் வழக்கம் கிராமத்துப் பலூன் கடைகளில் இன்னும் உண்டு. செய்யாதீர்கள். ஏற்றும்போது சாப்பிடாதீர்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். டிராப்பில் சேர்ந்த ஈயத்துகளைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் ஈயத்தையும் மூடிய டப்பாவில் சேர்த்துக் கழிவுலோகம் வாங்குபவரிடம் கொடுங்கள். அதை வீட்டில் உருக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைஸ் சோதனை நடந்த தரையை அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.